ஆறுதலா வா

பிரிட்ஜ் கதவில், பல் வைத்தியர் இலவசமாகக் கொடுத்த காந்தத்துக்குக் கீழே ஒரு துண்டுக் கடதாசி இருந்தது. அதில் நீளமாக ஒரு சற்றலைட் போன் நம்பர். அதற்குக் கீழே வின்சன்ற் தன்னுடைய கோணல் எழுத்தில் ‘மெலனி, அவசரத்துக்கு’ என்று எழுதி, அவசரத்துக்கு என்பதன் கீழ் இரண்டு கோடும் கீறியிருந்தார். லொறி ஓட்டுகிற மனிதர். எதையும் இரண்டு தரம் சரிபார்க்காவிட்டால் அவருக்கு நித்திரை வராது. பதினான்கு நாட்கள் அந்தக் கடதாசிக்கு முன்னால் நின்று பால் எடுத்து, பால் வைத்து, அவருடைய மனைவி மக்டலீன் அந்த நம்பரை மனப்பாடமே செய்துவிட்டாள். அழைத்தது மட்டும் இல்லை.

மெலனி அவர்களுடைய ஒரே பிள்ளை. முப்பத்தொரு வயது. நகரசபையில் வரைபடம் கீறுகிற வேலை, பென்சன் உள்ள வேலை. அப்படிப்பட்ட வேலையில் ஒரு மாதம் லீவு எடுத்துக்கொண்டு, மேற்கு மொங்கோலியாவில் ஆடும் குதிரையும் ஒட்டகமும் மேய்த்து இடம் இடமாக நகர்கிற ஒரு குடும்பத்தோடு போய் இருக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது மக்டலீனுக்குத் தலை சுற்றியது. கொப்பரும் நானும் குண்டுக்குப் பயந்து கூடாரத்தில் கிடந்தது காணாதா, நீ காசு கட்டிப் போய்க் கூடாரத்தில் படுக்க வேணுமா என்று கேட்டாள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் கலியாணம் கட்டிக்கொண்டு ஹவாய்க்குப் போகிறார்கள் என்றாள். இரண்டு கிழமை மகளுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. மகளும் லேசுப்பட்டவள் இல்லை, அவளும் பேசவில்லை.

உண்மையில் குற்றம் வின்சன்றுடையது. கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிறம்ரன் லொறி யார்ட்டில் இருந்து சாமான் ஏற்றிக்கொண்டு முப்பது வருடம் மேற்கே ஓடியவர். பள்ளிக்கூட விடுமுறையில் மெலனியை இரண்டு தரம் சஸ்கச்சுவான் வரைக்கும் லொறியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அந்த வெட்டவெளியைக் காட்டி, இவ்வளவு நிலம் கிடந்தும் எல்லாவற்றையும் வேலி போட்டு வைத்திருக்கிறார்கள் பார் பிள்ளை, வேலி இல்லாத நிலம் உலகத்தில் எங்கேயாவது இருக்குமா என்று கேட்பார். ஒரு முழ நிலத்துக்காக மூன்று தலைமுறை கோடேறி வழக்காடிய யாழ்ப்பாணத்துச் சனத்தின் பேரன் கேட்கிற கேள்வி! அந்தப் பிள்ளை அதை மறக்காமல் வைத்திருந்து, வளர்ந்த பிறகு தேடிக் கண்டுபிடித்தும் விட்டாள்.

விமான நிலையத்தில் வைத்து வின்சன்ற் மகளிடம் ஒரு வாக்கு வாங்கினார்.

“நல்லதோ கெட்டதோ, ஒண்டையும் மறைக்கப்படாது. நீயும் மறைக்காதை, நாங்களும் மறைக்க மாட்டம்.”

மெலனி சிரித்து, தகப்பனின் கையில் கையை அடித்து, “டீல்” என்றாள். மக்டலீன் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கும் அது கேட்டது.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு, கனடாவுக்கு வருகிற வழியில், ஏஜென்சிக்காரன் அவரைப் பாங்கொக்கில் ஓர் அறையில் ஒன்பது மாதம் அடைத்து வைத்திருந்தான். ஊர்காவற்றுறையில் இருந்து இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் கிடந்த அவருடைய தாய் அந்த ஒன்பது மாதத்தின் இரண்டாம் மாதமே செத்துப்போனார். பெடியன் தனிய நிற்கிறான், தாங்க மாட்டான் என்று அக்கா எமில்டா தாயின் பேரிலேயே தொடர்ந்து கடிதம் எழுதினார். தாய்க்கு எழுத வராது, முன்பும் சொல்லச் சொல்ல எமில்டாதான் எழுதுவது. ஆகவே வின்சன்றுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ரொறன்ரோ வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஆறு பேர் படுக்கிற அறைக்குள் பெட்டியை வைத்த அன்று, ஊர்க்காரர் ஒருவர் அம்மாவின் ஆண்டுப் பூசையை இங்கே வைக்கப் போகிறாயா என்று சாதாரணமாகக் கேட்டார். அப்படித்தான் அவருக்குத் தெரியவந்தது. எமில்டாவோடு இரண்டு வருடம் பேசவில்லை. பிறகு பேசினார், அக்காவைக் கனடாவுக்கு எடுத்ததும் அவர்தான். ஆனால் இரண்டு கிளாஸ் உள்ளே போனால் மட்டும் சொல்லுவார்: “ஏழு மாசமா, செத்த மனிசிக்கு ‘அம்மா, சாப்பிட்டியளோ’ எண்டு எழுதிக்கொண்டிருந்தனான்.”

இவ்வளவும் மக்டலீனுக்குத் தெரியும். தெரியாமல் செய்தாள் என்று யாரும் அவளுக்காகச் சாட்சி சொல்ல முடியாது.

மெலனி போய்ச் சேர்ந்து ஒரு கிழமைக்குப் பிறகு முதல் குரல்செய்தி வந்தது. அந்தப் பக்கத்தில் சிக்னல் இல்லை. சில நாளுக்கு ஒருக்கால், நாரா என்கிற வழிகாட்டிப் பெண் ஜீப்பில் பக்கத்துச் சிற்றூருக்குப் போகிறபோது இவளும் கூடப் போய் அனுப்புவாள். வின்சன்ற் அதைக் காரில் போட்டுச் சத்தமாகக் கேட்டார்.

“அப்பா, இஞ்ச வேலி இல்ல. சீரியஸ்லி, ஒரு வேலியும் இல்ல. மரமும் இல்ல. விடிய எழும்பிப் பாத்தா மலை பக்கத்தில நிக்கிற மாதிரி இருக்கும், குதிரையில அரை நாள் போனாலும் அது கிட்ட வராது. பின்னேரம் மேகத்தின்ர நிழல் மட்டும் புல்லில போகும். நான் சும்மா இருந்து அதைப் பாத்துக்கொண்டிருக்கிறன். நீங்க கட்டாயம் இஞ்ச வரவேணும்.”

வின்சன்ற் அதை ஏழு தரமாவது கேட்டிருப்பார். கோயிலுக்குப் போகிற வழியில் கேட்டார், வருகிற வழியில் கேட்டார். அடுத்த வருடம் போவோமா என்று மக்டலீனிடம் கேட்டார். உங்களுக்கு விசர் என்றாள் மக்டலீன். அதற்கு ஐந்தாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்து விழுந்தார்.

வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. மூளையில் இரத்தம் கட்டியிருக்கிறது, இப்போதைக்கு உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டோம் என்றார்கள் வைத்தியர்கள். வீட்டுக்கு உடுப்பு எடுக்க வந்த மக்டலீன் முதலில் போய் நின்றது பிரிட்ஜுக்கு முன்னால்தான். போனைக் கையில் எடுத்தாள். முதல் ஆறு இலக்கத்தையும் அழுத்தினாள். அந்த நேரம் பார்த்து, கோ ரெயினில் வந்திறங்கிய எமில்டா வாசலில் மணியை அடித்தார்.

எமில்டா பொல்லாதவர் இல்லை. எழுபத்திரண்டு வயதில் முழங்கால் தேய்ந்துபோய், சென் ஜேம்ஸ் ரவுணில் அந்தப் பழைய கட்டடத்திலேயே தனியாக இருக்கிறவர், தம்பி விழுந்துவிட்டான் என்று கேட்டதும் செபமாலையையும் ஒரு சட்டி கஞ்சியையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தார். மக்டலீனின் கையில் இருந்த போனையும் பிரிட்ஜ் கதவையும் பார்த்தார். விளங்கிக்கொண்டார்.

“இப்ப சொல்லாதை, மக்டா. அந்த மலையில நிண்டு பிள்ளை குழறினா ஆர் பிடிக்கிறது? பாசையும் தெரியாத சனம். ஓடி வாற வழியில அதுக்கு ஒண்டு நடந்தா?”

கெட்ட செய்தியை மறைத்து வைப்பதில் நம்முடைய சனத்தை வெல்ல ஆளில்லை. செத்தவரை ‘கொஞ்சம் கடுமை’ என்போம், கடுமையானவரை ‘சாதுவாய்ச் சுகமில்லை’ என்போம், உண்மையில் சுகமில்லாதவரைப் பற்றி வாயே திறக்க மாட்டோம். எல்லாம் அன்பினால்தான். அந்த அன்பை யாரும் எங்களிடம் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

மக்டலீனுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் எமில்டாவுக்கும் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. போகாதே என்று குறுக்கே நின்றவள் அவள். இப்போது அவளே போனை எடுத்து, பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு வா என்று சொன்னால், அம்மா நினைத்ததைச் சாதித்துவிட்டா என்றுதான் பிள்ளை நினைக்கும். நாலு வருடமாகக் காத்திருந்து போனது. திரும்பி வர இன்னும் பன்னிரண்டு நாள். பன்னிரண்டே நாள்தானே என்று போனை மேசையில் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது குரல் வந்தது. மக்டலீன் அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், போனை வின்சன்றின் இடது காதோடு பிடித்தாள். மெலனி இருக்கிற வட்டக் கம்பளிக் கூடாரத்தைப் பற்றியும், நடுவில் காய்ந்த சாணி எரிகிற அடுப்பைப் பற்றியும், ஓயுன் என்கிற அந்த வீட்டுக்காரி தன்னைப் பால் கறக்க விட்டுச் சிரித்ததைப் பற்றியும் சொல்லிக்கொண்டு போனாள்.

“இஞ்ச ஒரு பழக்கம் இருக்கு, அப்பா. ஆர் குதிரையில வந்தாலும் முதல்ல ‘மாடு கண்டெல்லாம் சுகமோ, வழியில சுகமோ’ எண்டு கேப்பினம். வாறவை எல்லாம் சுகம் எண்டுதான் சொல்லவேணும். போன பனிக்கு ஓயுன்ர தம்பிக்கு முந்நூறு ஆடு செத்துப்போச்சு. அவரும் வந்து முதல்ல சுகம் எண்டுதான் சொன்னவராம். பிறகு இருந்து, உப்புப் போட்ட தேத்தண்ணியக் குடிச்சு முடிச்ச பிறகுதான் உள்ளதைச் சொல்லுவினம். ஆனா கட்டாயம் சொல்லுவினம், அப்பா. சொல்லாமல் எழும்பிப் போக மாட்டினம்.”

வின்சன்றின் இடது கண்ணில் இருந்து மட்டும் தண்ணீர் ஓடியது. அவர் இடது கையைத் தூக்கிக் கட்டில் கம்பியில் தட்டினார். பிறகு விரலால் போனைக் காட்டினார். திரும்பவும் தட்டினார். இன்னொரு தரம் கேட்கப் போகிறீர்களோ என்று மக்டலீன் திரும்பப் போட்டாள். அவர் தலையை ஆட்டினார், தட்டினார், போனைக் காட்டினார். அவள் திரும்பவும் போட்டாள். அவருடைய கை களைத்து விழும் வரைக்கும் அவள் அதையே போட்டுக்கொண்டிருந்தாள். மனிசன் எதைக் கேட்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை என்று சொன்னால் அது பொய். விளங்கிக்கொள்ள அவள் விரும்பவில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை விடியற்காலை, இருவரும் ஆஸ்பத்திரியில் வின்சன்றின் கட்டிலோடு இருந்தபோது, மூன்றாவது குரல் வந்தது. அதில் மலையும் இல்லை, குதிரையும் இல்லை.

“அப்பா ஏன் ஒண்டும் அனுப்பேல்ல? அம்மா, நீங்களும் ‘எல்லாம் சுகம்’ எண்டு எழுதுறீங்களே ஒழிய வேற ஒண்டும் எழுதுறீங்கள் இல்ல. ஓயுன் ஒவ்வொரு நாளும் அப்பா எப்பிடி எண்டு கேக்கிறா, எனக்குச் சொல்லத் தெரியேல்ல. எனக்கு மனசு சரியில்ல. ஜீப் இண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் இஞ்ச நிக்கும், பிறகு எயார்போர்ட்டுக்குப் போகுதாம். நான் அதில ஏறி வரவோ? அப்பாவை ஒரு வார்த்தை பேசி அனுப்பச் சொல்லுங்கோ.”

ஜீப்பில் ஏறியிருந்தால், சிறிய விமானம் பிடித்து உலான்பாத்தர், அங்கிருந்து சியோல், அங்கிருந்து ரொறன்ரோ. திங்கட்கிழமை வீட்டுக்கு வந்திருப்பாள். மக்டலீன் அப்போதே கணக்குப் பார்த்தாள். எமில்டாவும் கட்டிலின் மற்றப் பக்கத்தில் நின்று பார்த்தார். பின்னேரம் என்றால் அங்கே இன்னும் இரண்டு மணித்தியாலம்தான் இருக்கிறது. அவன்ர குரல் ஏதாவது பழசு கிடக்கா என்று கேட்டது எமில்டாதான். ஆனால் அந்தப் பழைய குரல் இருந்தது மக்டலீனிடம். எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

மூன்று பனிக்காலத்துக்கு முன்பு, பிறம்ரனுக்கு அருகில் வின்சன்றின் லொறி பனியில் சறுக்கி றோட்டுக்கு வெளியே போய்விட்டது. காயம் ஒன்றும் இல்லை. ஆனால் செய்தி கேட்ட மக்டலீன், பனியில் கார் ஓடப் பயந்தவள், பிக்கரிங் வீட்டில் இருந்து அழுதுகொண்டே காரை எடுத்துவிட்டாள். அப்போது அவர் அவளுக்கு அனுப்பியது: “எனக்கொண்டும் இல்லை. நான் நல்ல சுகம். நீ அவசரப்படாதை, ஆறுதலா வா.” கலியாணம் கட்டி முப்பத்திநாலு வருடத்தில் அந்த மனிதர் அவளிடம் அன்பாகச் சொன்னது இவ்வளவுதான் என்று சொன்னால் அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது, ஆனால் அன்பாகச் சொல்லி, அது போனில் பதிந்து கிடந்தது அது ஒன்றுதான். அவள் அதை அழிக்காமல் வைத்திருந்தாள். தனியாக இருக்கிறபோது சிலவேளை கேட்பாள்.

அப்படியே அனுப்பினால், பழசை எடுத்து அனுப்பியது என்று போனே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே தன்னுடைய போனையும் வின்சன்றின் போனையும் வாய்க்கு வாய் வைத்து, ஒன்றில் போட்டு மற்றதில் பதிந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு எமில்டா காவல் நின்றார். பத்து வினாடி. வின்சன்றின் குரல் வின்சன்றின் கட்டிலுக்கு மேலாகப் போய் அவருடைய போனுக்குள் நுழைந்தது.

அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். முழுவதையும் பார்த்தார், முழுவதையும் கேட்டார். அக்காவை ஒரு தரம் பார்த்தார், மனைவியை ஒரு தரம் பார்த்தார். பிறகு இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்து, சரியாத உடம்பைச் சிறுகச் சிறுகச் சரித்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதாக்கும் என்று மக்டலீன் யன்னல் சீலையை இழுத்து விட்டாள்.

அடுத்த நாள் மெலனியின் குரல் துள்ளிக்கொண்டு வந்தது. ஓயுனின் குடும்பம் கோடைப் புல்வெளியை விட்டு இலையுதிர்காலத்து இடத்துக்குப் பெயரப் போகிறது, கூடாரத்தைப் பிரித்து ஒட்டகத்தில் கட்டி மலையைக் கடந்து போவார்கள், நீயும் வா என்று கேட்டிருக்கிறார்கள். ரிக்கற்றைப் பத்து நாள் தள்ளிப் போட்டுவிட்டாள். ஓயுனின் கணவர் அவளுக்கு ஒரு குதிரைக்குட்டி கொடுத்திருக்கிறார். இது அப்பாவுக்கு என்று அவள் சொல்லிவிட்டாள். விருந்தாளிக்குக் கொடுத்த குட்டி அவர்களுடைய மந்தையிலேயே வளரும், யாருடையது என்று மட்டும் எல்லாரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். குதிரைக்குப் பேர் வைக்கிற வழக்கம் இல்லை, நிறத்தைச் சொல்லித்தான் அடையாளம். அப்பாவின் சாம்பல் நிறக் குட்டி. இனிப் பத்து நாளைக்குச் சிக்னல் இருக்காது, பயப்படாதேங்கோ.

வராதே என்று மறித்தவளுக்கு, உடனே வா என்று சொல்ல இப்போது வாய் இல்லை. ஏன் என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், அந்தப் பத்து வினாடியையும் சொல்ல வேண்டும். மக்டலீன் ‘நல்லது, கவனம்’ என்று எழுதினாள்.

பன்னிரண்டாம் நாள், மெலனி வந்திருக்க வேண்டிய விமானம் மெலனி இல்லாமல் வந்து இறங்கியது. அன்று இரவு வின்சன்றுக்குக் காய்ச்சல் தொடங்கியது. விழுங்கியது நெஞ்சுக்குள் போய் நியுமோனியா ஆகிவிட்டது. குருவானவர் வந்து, சாகக் கிடக்கிறவருக்குச் செபித்து எண்ணெய் தொட்டு, அவஸ்தை பூசினார். பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பகல் பத்து மணிக்கு அவர் போய்விட்டார். சுவர்ப் பக்கம் திரும்பியவர் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் ஒழுங்காகத் திரும்பவே இல்லை. மக்டலீன்தான் மற்றப் பக்கமாகச் சுற்றிப் போய், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்று முகம் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து, கடதாசியைப் பார்க்காமலே அந்த நம்பரை அழுத்தினாள். இரண்டு மணி அடித்ததும் நாரா எடுத்தாள். அவ்வளவு சுகமாக எடுத்தாள். பதினான்கு நாளும் அந்த நம்பர் இப்படித்தான் வேலை செய்திருக்கிறது. மெலனி வந்து காற்று இரைச்சலுக்குள் ஹலோ என்றபோதும் மக்டலீனின் வாயில் வந்தது பழைய வாய்பாடுதான்.

“அப்பாவுக்குக் கொஞ்சம் கடுமை, பிள்ளை. வெளிக்கிட்டு வா.”

மெலனி, “வாறன்” என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

இரண்டு நாளைக்குப் பிறகு அவள் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்ததும், அடைபட்டுக் கிடந்த படங்கள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. பனி தொட்ட ஒரு கணவாய். ஒட்டகத்தின் முதுகில் கட்டின கூடாரக் கம்புகள். நீளக் கால்களோடு மிரண்டு பார்க்கிற ஒரு சாம்பல் குட்டி. கடைசிப் படத்தில் யாரும் இல்லை. கூடாரம் நின்ற இடத்தில் புல் வெளிறி ஒரு பெரிய வட்டம், சுற்றிவர ஒன்றுமே இல்லாத நிலம். மக்டலீன் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை பிற்பகல் மெலனி வந்து இறங்கினாள். முகம் காற்றில் கறுத்து, உதடு வெடித்து, சட்டையெல்லாம் புகை மணம். எமில்டாவின் மகன் றூபன் காரை ஓட்ட, பிக்கரிங் வரைக்கும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்பா எந்த ஆஸ்பத்திரியில் என்று அவள் கேட்காததை மக்டலீன் கவனித்தாள்.

வீட்டில் எமில்டா எல்லாம் ஒழுங்கு பண்ணியிருந்தார். பிள்ளை ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் சொல்ல வேண்டும் என்பது அவருடைய திட்டம். வந்து இருந்த சனத்தை அனுப்பி, கோயிலில் வாங்கின கதிரைகளை மடித்து, மெழுகுதிரியோடு இருந்த படத்தை அறைக்குள் கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்து, செத்த வீட்டுக்கு முகம் கழுவி விட்டிருந்தார். உடம்பு மலர்ச்சாலையில் மகளுக்காகக் காத்துக் கிடந்தது.

மெலனி குசினி மேசையில் இருந்தாள். எமில்டா தேத்தண்ணி வைத்தார். அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடித்தாள். குடித்து முடித்துக் கோப்பையை மேசையில் வைத்தாள்.

“தேத்தண்ணி குடிச்சிட்டன், அம்மா. இப்ப சொல்லுங்கோ.”

எமில்டா வாயைத் திறந்தார். மெலனி அவர் பக்கம் திரும்பாமலே, “நீங்க இல்ல, மாமி. அம்மா சொல்லட்டும்” என்றாள்.

அப்பா போய்விட்டார் என்று மக்டலீன் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை, பகல் பத்து மணி என்று சொன்னாள். மெலனி அழவில்லை. ஜீப்பில் ஏறும்போதே தெரியும் என்றாள். அவள் போனை வைத்ததும் ஓயுன் ஒன்றும் கேட்காமல் வந்து கட்டிப் பிடித்துக்கொண்டாளாம். ஜீப் வெளிக்கிட, வழக்கப்படி பின்னால் பால் தெளித்துவிட்டு, கரண்டியோடு நின்று அழுதாளாம். பிடிக்க ஆள் இல்லாத இடம் என்று எமில்டா பயந்த இடம் அது.

“எப்ப விழுந்தவர்?”

மகளுக்குப் பின்னால் நின்ற எமில்டா இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். இரண்டு நாள் என்று சொல், சாவதற்கு இரண்டு நாளைக்கு முதல் என்று சொல். மக்டலீனின் நாக்கு அதற்கும் தயாராகத்தான் இருந்தது. சொல்லியும் இருப்பாள். ஆனால் மேசையில் அந்த வெறும் கோப்பை இருந்தது.

“பதினெட்டு நாள்,” என்றாள். “பன்னிரண்டாம் நாள் வரைக்கும் அறிவு நல்லா இருந்தது.”

மெலனி விரல் மடித்து எண்ணினாள். ஐந்தாவது விரலில் நிறுத்தினாள்.

“அப்ப அந்த வொய்ஸ்?”

மக்டலீன் சொன்னாள். பனியில் சறுக்கின லொறியையும், வாய்க்கு வாய் வைத்த இரண்டு போனையும், கதவில் நின்ற காவலையும், ஒன்றும் விடாமல் சொன்னாள். சொல்லி முடிய வெகு நேரம் ஆகவில்லை. மெலனி தன்னுடைய போனைத் தடவிக்கொண்டு இருந்தாள், போட்டுக் கேட்கவில்லை.

“அண்டைக்கு நான் பையைக் கட்டிட்டன், அம்மா. ஜீப் வெளியில நிண்டது. சும்மா சுகம் எண்டு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டன். ஆனா அந்த வொய்ஸ்ல பின்னால லொறிச் சத்தம் கேட்டது. அப்பா வேலைக்குப் போட்டார், அப்ப ஒண்டும் இல்லை எண்டு நினைச்சன். அதைக் கேட்டுத்தான் பையை அவிழ்த்தனான்.”

மூன்று வருடமாக அந்தக் குரலைக் கேட்டு வந்த மக்டலீனுக்கு அதில் ஒரு லொறி ஓடிக்கொண்டிருந்தது தெரியாது. அவளுக்கு அவர் சொன்னது மட்டும்தான் கேட்டிருக்கிறது. மன்னிச்சுக்கொள் பிள்ளை என்று சொல்லப் பார்த்தாள். அதற்கு முதல் மெலனி கேட்டுவிட்டாள்.

“நீங்க அதைப் பதியேக்க அப்பா பாத்தவரோ?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு பொய்யையாவது மகளுக்குப் பிச்சையாகக் கொடுத்திருக்கலாம்.

“பாத்தவர்.”

“என்ன செய்தவர்?”

“சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்.”

எமில்டா கதிரையைத் தேடிப் பிடித்து இருந்தார். இருந்ததும் பெரிதாகக் குழறினார். அவர் பதினெட்டு நாளுக்காக அழுதாரா, பாங்கொக்குக்கு எழுதின கடிதங்களுக்காக அழுதாரா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

மெலனி எழும்பிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பிரிட்ஜ் கதவில் இருந்த கடதாசியை எடுத்தாள். தகப்பனின் கோணல் எழுத்தையும் கீழே கீறியிருந்த இரண்டு கோட்டையும் பார்த்தாள். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அப்பாவிடம் போவம் என்றாள்.

மக்டலீன் பதறி எழும்பினாள். கைப்பையைத் தேடி, றூபனைக் கூப்பிட்டு, வாசலில் குனிந்து இடது சப்பாத்துக்குள் வலது காலை விட்டாள். அது கழன்று விழுந்தது. மெலனி கிட்ட வந்து, குனிந்து, சப்பாத்தை மாற்றி வைத்தாள்.

“அவசரப்படாதேங்கோ, அம்மா. இனி ஆறுதலாப் போகலாம்.”